கொத்திப் போட்ட சாரணை பத்து நாளில் திரும்ப வருவது ஏன்?

திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை நம்பித் தோட்டம் செய்யும் ஒரு தம்பி கேட்டிருந்தார். அரை ஏக்கரில் மூன்று கிழமைக் கச்சான் (நிலக்கடலை), பக்கத்துத் துண்டில் சின்ன வெங்காயம். "வட்ட இலையும் சிவந்த தண்டுமாகத் தரையோடு படரும் ஒரு களை காணி முழுக்க வந்துவிட்டது. ஆள் விட்டுக் கொத்தினேன், பத்து நாளில் பழையபடி நிற்கிறது. கடையில் புல்லு மருந்து ஒன்று தந்தார்கள், அடித்தும் அசையவில்லை. இது என்ன களை? எந்த மருந்துக்குச் சாகும்? பிடுங்கியதை ஆட்டுக்குப் போடலாமா?" கூடவே இரண்டு படங்கள்.

தம்பி, படத்தில் இருப்பது சாரணை. வட்டச்சாரணை என்றும் சொல்வார்கள். தாவரவியலில் ட்ரையந்திமா போர்ச்சுலகாஸ்ட்ரம். ஒரே போகத்தில் முளைத்து, பூத்து, விதை போட்டு முடிந்துவிடுகிற அகன்ற இலைக் களை. நீங்கள் கணுவைக் கிட்டத்தில் வைத்து எடுத்த படம்தான் உதவியது. தூரத்துப் படத்தை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் இதே சாயலில் இன்னும் இரண்டு மூன்று செடிகள் நம் மணலில் உண்டு. ஒவ்வொன்றையும் அடக்கும் வழியும் வேறு.

ஒரு செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிரே சோடியாக இருக்கும், ஆனால் சோடியில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. இலைக்காம்பின் அடி அகன்று, மெல்லிய சவ்வுபோலத் தண்டைச் சுற்றிக்கொண்டு கணுவில் ஒரு சின்னப் பை மாதிரி நிற்கும். இந்தப் பைதான் சாரணையின் அடையாளம். பூ தனியாகக் காம்பு நீட்டி வராது, பைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு நிறம், ஐந்து இதழ். வெயில் ஏறிய பிறகு சில மணிநேரம் விரிந்துவிட்டு மூடிக்கொள்ளும். அதனால்தான் விடியக்காலையிலும் பின்னேரத்திலும் தோட்டத்துக்குப் போகிறவர்கள் "இது பூக்கிறதே இல்லை" என்று சொல்வது. பையை நகத்தால் கிழித்தால் உள்ளே மூடி போட்ட சின்னக் காய் இருக்கும். முற்றிய காயில் மூடி தனியாகக் கழன்று வரும். உள்ளே கறுத்த, சிறுநீரக வடிவ விதைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர், மேலே வரிவரியாகச் சுருக்கம். மூடியையும் எறிந்துவிடாமல் பாருங்கள், அதற்குள்ளும் ஒரு விதை ஒளிந்திருக்கும்.

தண்டு சிவப்பாகவும் இருக்கும், பச்சையாகவும் இருக்கும். இரண்டும் ஒரே களைதான், நிறத்தை வைத்துக் குழம்ப வேண்டாம்.

இப்போது இதோடு குழப்புகிற மற்றவை. முதலாவது மூக்கிரட்டை. அதற்கும் சோடி இலைகள் சமமில்லாமல் இருக்கும், அதையும் பலர் சாரணை என்றே சொல்வார்கள். ஆனால் இலையின் அடிப்பக்கம் வெளிறி இருக்கும், கணுவில் பை இருக்காது, சின்னஞ்சிறு ஊதாச்சிவப்புப் பூக்கள் கிளைத்த காம்பில் மேலே தூக்கி நிற்கும், காய் சாரத்தில் ஒட்டிக்கொண்டு வரும். முக்கியமான வித்தியாசம் மண்ணுக்குள் இருக்கிறது. மூக்கிரட்டைக்குத் தடித்த கிழங்கு வேர். அது பல வருடம் வாழ்கிற செடி, மேலால் வெட்டினால் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். இரண்டாவது கோழிக்கீரை, சிலர் பருப்புக்கீரை என்பார்கள். இலை தடிப்பாக, வழுவழுப்பாக, காம்பு இல்லாத மாதிரி இருக்கும். பூ மஞ்சள், கிளை நுனியில் வரும். இதுவும் ஒரு போகக் களைதான், ஆனால் வெட்டிய துண்டு ஈர மண்ணில் கிடந்தால் வேர் விட்டு எழும்பும். மூன்றாவது வங்காரவச்சி. உப்பாற்று ஓரத்திலும் களப்புக் கரையிலும் படர்ந்து கிடக்குமே, நீள இலை, காம்போடு கூடிய இளஞ்சிவப்புப் பூ. அது தோட்டத்துக்குள் பெரிதாக வருவதில்லை. வந்தால் களையைவிட மண்ணில் ஏறிய உப்பைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

சரி, கொத்தியும் ஏன் திரும்ப வந்தது?

திரும்ப வந்தது நீங்கள் கொத்திய செடியே அல்ல. அது செத்துப் போயிற்று. இப்போது நிற்பது அதன் பிறகு முளைத்த புது நாற்று. இரண்டு மூன்றை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள், மெல்லிய ஒற்றை வேரும் அடியில் இரண்டு வித்திலையும் இருக்கும். பழைய தடித்த வேர்க்கட்டையிலிருந்து துளிர் கிளம்பியிருந்தால்தான் மூக்கிரட்டை என்று சந்தேகப்பட வேண்டும். உங்கள் இரண்டாவது படத்தில் நாற்றுகள் கொத்துக் கொத்தாக நெருக்கி நிற்கின்றன. அது விதை விழுந்த இடத்தில் விதை முளைத்த தோற்றம்தான்.

சாரணை விதையில் பெரும்பகுதி மண்ணின் மேல் ஒன்றிரண்டு அங்குலத்துக்குள் இருந்துதான் முளைக்கும். ஆழத்தில் கிடப்பது முளைக்காது, ஆனால் உடனே சாகவும் செய்யாது. மண்வெட்டியால் ஆழமாகக் கொத்திப் புரட்டும்போது மேலே நின்ற செடி சாகிறது, கீழே காத்துக் கிடந்த விதை மேலே வருகிறது. அடுத்த நாள் தண்ணீர் விடுகிறீர்கள். சூடான மண், ஈரம், வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் அதற்கு வேறு என்ன வேண்டும்? கூலி கொடுத்து அடுத்த சாரணைக்கு நிலம் பண்படுத்திக் கொடுத்த கணக்கு. ஆகவே கொத்துவது பிழை இல்லை, ஆழமாகக் கொத்துவதுதான் பிழை. மண்வெட்டி வாயைப் படுக்க வைத்து, மேல் தோலை மட்டும் செருக்கி எடுக்க வேண்டும். அதுவும் நாற்று இரண்டு மூன்று இலையோடு நிற்கும்போது, காலையில், வெயில் நாளில். செருக்கிவிட்டு அன்றைக்குத் தண்ணீர் விடக்கூடாது. மத்தியான வெயில் மிச்ச வேலையைச் செய்யும். இதன் தண்டில் நீர் அதிகம். ஈர மண்ணில் செருக்கிப் போட்டால் வாடாமல் இரண்டு நாள் கிடந்து, மண் ஒட்டிய வேரோடு திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

காலக் கணக்குத்தான் இந்தக் களையில் எல்லாம். முளைத்து மூன்று நான்கு கிழமைக்குள் பூத்துவிடும். புது விதைக்கு நீண்ட உறக்கமும் இல்லை, ஈரம் கிடைத்தால் அதே போகத்தில் அடுத்த தலைமுறை முளைக்கும். மானாவாரி நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஒரு பெரிய எழுச்சி வந்து, மண் காயும்போது அடங்கும். நம் மாவட்டத்து மழையில் பெரும்பங்கு அந்த வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில்தானே. ஆனால் உங்களைப்போல் மழை குறைந்த சிறுபோகத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை கிணற்றுத் தண்ணீர் விடுகிற மணல் தோட்டத்தில் அதற்குப் பருவமே கிடையாது, ஒவ்வொரு இறைப்பும் ஒரு மழைதான். ஆகவே முளைத்து இருபது நாளைத் தாண்டிய சாரணை ஒன்றுகூடக் காணியில் நிற்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். செடி சின்னதா பெரிதா என்பதைப் பார்க்காமல் பையைப் பாருங்கள். இரண்டு விரலால் கணுவை நசுக்கும்போது மணல் மாதிரிக் கரகரத்தால் அதில் விதை பிடித்துவிட்டது. அப்படியானதைச் செருக்கி அங்கேயே போடாமல், சாக்கில் அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும்.

கச்சானுக்கு வருவோம். மூன்று கிழமை என்றீர்கள். அப்படியானால் இந்தக் கிழமையே ஒரு செருக்கல் கொடுங்கள். பிறகு நாலாம் ஐந்தாம் கிழமையில் மண் அணைக்கும்போது இன்னொன்று. அதற்கு மேல் மண்வெட்டியைக் காணிக்குள் கொண்டுபோக வேண்டாம். பூவிலிருந்து காய் பிடிக்கிற ஊசி இறங்கி மண்ணுக்குள் போகத் தொடங்கிய பிறகு வேரடி மண்ணைக் கலைத்தால் காய் போய்விடும். அந்தக் கட்டத்தில் சாரணை தெரிந்தால் கையால் பிடுங்குவது மட்டும்தான். நல்ல செய்தி என்னவென்றால், ஆறாம் கிழமையளவில் கச்சான் இலை வரிசைகளை மூடிவிடும். சாரணை வெயில் விரும்பி, நிழலுக்குள் அதற்குப் பெரிய வீரம் கிடையாது. முதல் ஆறு கிழமையைக் காப்பாற்றினால் விளைச்சலைக் காப்பாற்றின மாதிரி. பயறு, கௌப்பிக்கு இந்தக் காலம் இன்னும் குறைவு, ஒரு மாதம் சுத்தமாக வைத்திருந்தால் பயிர் தானே பார்த்துக்கொள்ளும்.

வெங்காயத்தில்தான் சிக்கல். வெங்காயத்தாள் எத்தனை கிழமை போனாலும் நிலத்தை மூடாது. கடைசிவரை வெயில் தரையில் விழுந்துகொண்டே இருக்கும். வேரும் மேலாக ஓடுவதால் செருக்கவும் முடியாது. கைக் களைதான், அதுவும் இரண்டு மூன்று தடவை. ஆள் கூலி இருக்கிற விலையில் இது வயிற்றெரிச்சல் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வெங்காயத்தைச் சாரணை மண்டிய துண்டில் வைக்காதீர்கள் என்று சொல்வேன். இந்த முறை கச்சான் நின்ற துண்டை நன்றாகத் துப்புரவாக்கிக்கொண்டு, அடுத்த முறை அங்கே வெங்காயத்தை வையுங்கள். வெங்காயம் நின்ற இடத்தில் கௌப்பியோ சோளனோ நெருக்கமாகப் போடுங்கள். இன்னொன்று, பாத்திக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம். பாத்திக்குள் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறவர்கள் வாய்க்கால் வரம்பில் பூத்துக் கிடக்கும் சாரணையைத் தாண்டித் தாண்டிப் போவதைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். அங்கே உதிர்கிற விதை ஓடுகிற தண்ணீரோடு நேரே பாத்திக்குள் போய்ச் சேரும். முதலில் வாய்க்காலைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு பாத்திக்குள் இறங்குங்கள்.

மருந்து. கடைக்காரர் தந்தது புல்லினத்துக்கான மருந்து என்றால் அது வேலை செய்யாததில் ஆச்சரியமே இல்லை. கச்சான், பயறு போன்ற பயிருக்கு மேலால் அடிக்கலாம் என்று விற்கப்படும் புல் மருந்துகள் புல்லை மட்டும்தான் கொல்லும். அகன்ற இலையை விட்டுவிடும் என்பதால்தானே அதைக் கச்சானுக்கு மேல் அடிக்க முடிகிறது! கச்சானைத் தப்பவிடுகிற அதே காரணத்தால் சாரணையும் தப்புகிறது. சரி, அகன்ற இலைக்கு இருக்கிற மருந்தை அடித்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். நெல் வயலில் அடிக்கிற எம்சிபிஏ என்ற களைநாசினி அகன்ற இலைக் களைக்குத்தான். ஆனால் அதற்குக் கச்சானும் ஒரு அகன்ற இலைதான், மிளகாயும் கத்தரியும் அப்படித்தான். நெல் தப்புவது அது புல் குடும்பம் என்பதால்.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வயலும் தோட்டமும் அடுத்தடுத்து உள்ள இடங்களில் அடிக்கடி பார்ப்பது. வயலுக்கு எம்சிபிஏ அடித்த தெளிகருவியை ஒரு தண்ணீரில் அலசிவிட்டு அதே கருவியால் மிளகாய்க்குப் பூச்சி மருந்து அடிப்பார்கள். சில நாளில் மிளகாயின் காம்பு முறுக்கி வளையும், புதுக் கொழுந்து ஒடுங்கி நாடா மாதிரி நீண்டு, நரம்பெல்லாம் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும். வைரஸ் என்று நினைத்து இன்னும் இரண்டு மருந்து வாங்கி அடிப்பவர்கள் உண்டு. காற்றில் பறந்து வந்தாலும் இதே கதைதான். களைநாசினிக்குத் தனியாக ஒரு தெளிகருவி வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, குழாயும் நுனியும் உட்படப் பலமுறை கழுவுங்கள்.

எல்லாவற்றையும் சாகடிக்கிற கிளைபொசேற்று என்ற களைநாசினி கிடைத்தால் போதும் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2015இல் இலங்கையில் அதைத் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தி, அதைச் சுற்றி நடந்த வாதங்கள் உங்களுக்குத் தெரியும். அந்த அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். அது முளைத்து நிற்கிற இலையில் பட்டால்தான் வேலை செய்யும், மண்ணில் கிடக்கிற விதைக்கு ஒன்றும் செய்யாது. உங்கள் பிரச்சினையோ விதை. நிற்கிற பயிருக்கு மேலால் அடிக்கவும் முடியாது. விதைத்த உடனே, களை முளைக்கும் முன் மண்ணில் அடிக்கும் வகை மருந்துகள்தான் தத்துவப்படி சாரணைக்குப் பொருந்தும். அவற்றை விதைத்த ஓரிரு நாளுக்குள், ஈர மண்ணில் அடிக்க வேண்டும். மூன்று கிழமைப் பயிரில் அந்த வண்டி போய்விட்டது. அடுத்த போகத்துக்கு வேண்டுமானால், விதைக்கும் முன்பே கமநல சேவை நிலையத்தில் உங்கள் விவசாயப் போதனாசிரியரைப் பிடித்து, கச்சானுக்குப் பதிவான முளைமுன் மருந்து எது, உங்கள் மணல் மண்ணுக்கு அளவு எவ்வளவு என்று கேளுங்கள். மணலில் மருந்து கீழே இறங்கி விதையையும் கிணற்றையும் தொடும் என்பதால் களி மண்ணின் அளவை அப்படியே எடுக்கக் கூடாது. போக முடியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம். சுட்டுத்துண்டில் உங்கள் பயிரின் பெயர் இல்லாத போத்தலை, யார் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால் அரை ஏக்கருக்கு மருந்தே தேவையில்லை. அடுத்த போகத்தில் விதைக்கும் முன்பு இதைச் செய்து பாருங்கள். நிலத்தை உழுது, பாத்தியும் வரிசையும் விதைக்கிற மாதிரியே ஆயத்தம் செய்துவிட்டு, விதைக்காமல் தண்ணீரை மட்டும் விடுங்கள். ஒரு கிழமை, பத்து நாளில் சாரணை பச்சைக் கம்பளமாக எழும்பும். பயப்படாதீர்கள், எழும்பட்டும். இரண்டிலைப் பருவத்தில் வெயில் நாளாகப் பார்த்து மேலால் செருக்கிக் காயவிடுங்கள். முடிந்தால் இன்னொரு தண்ணீர், இன்னொரு செருக்கல். அதன் பிறகு மண்ணைப் புரட்டாமல், விதைக்குழியை மட்டும் கீறி விதையுங்கள். மேல் மண்ணில் முளைக்கக்கூடிய விதையில் பெரும்பகுதி செலவாகிவிட்டிருக்கும், கீழே கிடப்பது கீழேயே கிடக்கும். லான்ட்மாஸ்டரை (கை உழவு இயந்திரத்தை) கடைசி நேரத்தில் இன்னொரு தரம் ஓடவிட்டால் மட்டும் அத்தனையும் வீண். கிணறு உள்ளவர்களுக்கு இது சுலபம். பெரும்போக மழையை நம்புகிறவர்களுக்குப் பத்து நாள் பிந்துவது யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் முதல் மழை விழுந்ததும் ஓடிப்போய் விதைத்து, பிறகு களைக்குள் கச்சானைத் தேடுவதைவிட அந்தப் பத்து நாள் மலிவு.

வீசி விதைக்காதீர்கள், வரிசையில் போடுங்கள். கச்சானுக்கு வரிசைக்கு வரிசை 45 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 15 என்பது திணைக்களப் பரிந்துரை. பயறுக்கு 30க்கு 10. வரிசை இருந்தால்தான் மண்வெட்டி நுழையும், ஒரு ஆள் ஒரு நாளில் முடிக்கிற வேலை இரண்டாகாது. மிளகாய், கத்தரிக்கு வைக்கோல் மூடாக்கு மிக நல்லது. கந்தளாயிலும் கிண்ணியாவிலும் அறுவடைக்குப் பிறகு வயலில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள், இங்கே நாம் வெறும் மண்ணில் சாரணை வளர்க்கிறோம். ஒரு உழவு இயந்திரப் பெட்டி வைக்கோல் இறக்கிப் பாருங்கள். நெல்லும் கொஞ்சம் முளைக்கும், அது பிடுங்கச் சுலபம்.

இடையில் ஒன்று. ஈரக் காலத்தில் சில வேளை சாரணை இலையெல்லாம் சல்லடையாகி, மெல்லிய நூலால் பின்னப்பட்டுக் கிடக்கும். உள்ளே ஒரு பச்சைப் புழு. கண்டதும் மருந்து அடிக்க ஓட வேண்டாம், அது உங்களுக்குக் கூலி இல்லாத ஆள். ஆனால் பக்கத்தில் முளைக்கீரைப் பாத்தி இருந்தால் கவனம், அதே புழு அதையும் விடாது.

இளசாக இருக்கும்போது நுனியைக் கிள்ளித் தேங்காய்ப்பூப் போட்டு வறை வைப்பதும் நம் ஆட்களிடம் உண்டு. நன்றாகத்தான் இருக்கும். முற்றியதைச் சாப்பிட்டால் வயிற்றால் போகும், கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை, சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கும் ஆகாது, ஒக்சலேற்று என்ற உப்பு நிறைய இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே மருந்து அடித்த துண்டிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

ஆட்டுக்கும் இதே கணக்கு. மருந்து படாத, பூக்காத இளஞ்செடி என்றால் மற்றக் குழையோடு கலந்து கொஞ்சம் போடலாம். பட்டினியாக நின்ற ஆட்டுக்கு முன்னால் கூடை கூடையாகக் கொட்டக் கூடாது. ஒக்சலேற்றும் நைத்திரேற்றும் சேர்ந்து ஆட்டைச் சாய்த்துவிடக் கூடும், எருவும் பசளையும் நிறையப் போட்ட தோட்டத்துச் செடியில் நைத்திரேற்று இன்னும் கூட. விதை பிடித்த செடியைப் போடவே வேண்டாம். களை விதைகளில் பல குடலைக் கடந்தும் உயிரோடு வெளியே வரும். ஆட்டுக் கொட்டில் எருவை அப்படியே அள்ளிப் பாத்தியில் போடாமல், குவித்து, நனைத்து, உள்ளே கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறவிட்டு, இரண்டு தரம் புரட்டி, மக்கிய பிறகு போடுங்கள். பட்டி மாட்டெரு விலைக்கு வாங்குகிறீர்கள் என்றாலும் இதையே செய்யுங்கள்.